நெஞ்சு உயரத்தில் ஓர் ஆணி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகமாக இருப்பதாக அவரே சொல்லிக்கொள்கிறார்.

கம்பெனித் தோட்டத்தில் அவர் மரம் அளக்கும் வேலை உனக்குத் தெரிந்ததுதான், நெஞ்சு உயரத்தில் நாடாவைச் சுற்றி அளந்து, போன வருட அளவோடு ஒப்பிட்டு எவ்வளவு மரம் சேர்ந்தது என்று சொல்வார். நாடா சுற்றும் உயரத்தைத் தரையிலிருந்து கோல் வைத்துப் பார்க்கச் சொல்கிறது விதி, நெஞ்சு இருக்கும்போது கோல் எதற்கு என்பது உன் அப்பாவின் விதி. சில வருடங்களாக அவர் கணக்கில் மரங்கள் போட்டி போட்டுக்கொண்டு பருத்தன. உங்க கை ராசிங்க என்று மேனேஜர் சொன்னாராம், அதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

போன வாரம் புதிதாக வந்த பெண் அதிகாரி கோலோடு போய் அளந்தாள், சேர்ந்ததாகச் சொன்ன மரத்தில் பாதிதான் தேறியது. நாடா வருடா வருடம் கீழே இறங்கியிருக்கிறது, மரம் அடியில்தானே பருமன். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் நெஞ்சுக்கு நேராக ஒரு மரத்தில் ஆணி அடித்திருந்தார், அதன் பக்கத்தில் நிற்கச் சொன்னாளாம். ஆணி முகவாய்க்கு நேரே இருந்தது. மரம் வளரும்போது ஆணியையும் தூக்கிட்டுப் போயிருக்கும்மா என்று சமாளித்தாராம், ஆயுசு முழுக்க மரம் அளந்த மனுஷன். உச்சிதான் உயரும், அடித்த ஆணி அங்கேயே இருக்கும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர். கம்பெனி ஜீப் ஓட்டுகிறவர் சொல்லித்தான் இதெல்லாம் எனக்கே தெரியும். அந்தப் பெண் சிரிக்கவில்லையாம், மரத்தை விடுங்க சார், முதுகை டாக்டர்கிட்ட காட்டுங்க என்றாளாம். நானும் கூன் விழுகிறது என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தவள்தான், சட்டை முன்பக்கம் தொங்குகிறதே என்றால் தையல்காரரைத் திட்டுவார். கணக்கு தப்பிப்போனதால் இந்த வருடம் மரம் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள், மரங்களுக்காவது நல்ல காலம்.

நேற்று அவராகவே சமையலறைக் கதவு நிலையில் சாய்ந்து நின்று, தலைக்கு நேரா ஒரு கோடு போடு என்றார். போட்டேன். அது என் நெற்றிக்கு நேரே வந்தது, கல்யாணத்தன்று அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தவள் நான். பயமாக இருக்கிறது கண்ணு.

வியாழக்கிழமை எலும்பு டாக்டரிடம் போகிறோம். காலையிலேயே மறக்காமல் போன் செய், வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் அழுதுவிடு, உன் அழுகைக்குத்தான் மசிவார். மரக்கணக்கைப் பற்றி மூச்சுவிடாதே. இரண்டு பேரும் நிறைந்த ஆயுளோடு, நிமிர்ந்த முதுகோடு நன்றாக இருங்கள்.

உன் அம்மா