கரிசல் இல்லாத கறுப்பு மண்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். ராஜபாளையத்தில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து இன்று தெரியும் மலைமுகடுகள் ஏழு. எட்டாவது முகடு மேகத்துக்குள் இருக்கிறது. அதன் மேல் நீ நின்றிருக்கிறாய். நான் நிற்கவில்லை.

உன் ஷூ என் முன்னால் இருக்கிறது. நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது உன் அம்மா கொடுத்தார்கள். "அவன் போனதுலருந்து சும்மாதான கெடக்கு. ஒங்காலுக்குச் சரியா இருக்கும்லய்யா, போட்டுக்கோ." அடியில் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டி மோந்து பார்த்தேன். இலை மக்கிய வாசம். கறுப்புதான், ஆனால் நம் ஊர்க் கரிசல் இல்லை. கரிசல் காய்ந்தால் கல். இது தொட்டதும் உதிர்கிறது.

நினைவிருக்கிறதா? காட்டு விலங்குக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர் ஒருவர் வேண்டுமென்றார்கள். இரண்டு பேரும் போய் நின்றோம். வனக்காவலர் நம்மை வன அலுவலக வாசலிலிருந்து கேட் வரை நடக்கச் சொன்னார். நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். அவர் பின்னால் வந்த உன்னைக் காட்டினார். "அந்தத் தம்பி வரட்டும். இவரு போற போக்குக்கு மிளா மானெல்லாம் கேரளாவுக்கு ஓடிரும்."

நீ சிரித்தாய். இன்னும் மறக்கவில்லை.

கணக்கெடுப்பு முடிந்து திரும்பி வந்து, கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும் டீக்கடையில் ஆரம்பித்தாய்.

"ஏலே, நாம நெனச்ச மாதிரி இல்லலே. ஏறுனா அந்தப் பக்கம் இறங்கும்னுதான நெனச்சோம்? இறங்கவே இல்ல. புல்லும் காடுமா மேடு அப்படியே போய்க்கிட்டே இருக்கு."

"கான்டூர் மேப்ல நானும் பாத்தேன். கிழக்க உயரக்கோடு நெருக்கமா, செங்குத்தா இருக்கு, மேற்க விலகி மட்டமாக் கெடக்கு. தெரிஞ்ச விசயந்தான்."

"நீ கோட்டப் பாத்த மாப்ள. நான் காத்துல நின்னேன்."

"டீயக் குடி, ஆறிப்போகுது" என்றேன்.

மலையடியில் பிறந்தவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான். மலையைச் சுவர் என்று நினைத்துவிடுகிறோம். அது சுவர் இல்லை, படி. மழையை மேலேயே கொட்டிவிட்டு நமக்குச் சாரலை மட்டும் அனுப்புகிற படி. படம் போட்டு விளக்க என்னாலும் முடியும். பார்த்தவன் நீ. இதற்குப் பெயர் பொறாமை, வேறு நல்ல பெயர் வைக்கப் போவதில்லை. மஞ்சள் காமாலையில் நீ போன அன்று உன் வீட்டு வாசலில் அழுதுகொண்டே அதைத்தான் நினைத்தேன்: பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

இந்த வருடக் கணக்கெடுப்பில் என் பெயர் வந்திருக்கிறது. அதே வனக்காவலர். "மெதுவா நடப்பீகளா தம்பி?" என்று கேட்டார். நடப்பேன் என்றேன். அவர் நம்பவில்லை.

இனி செய்ய வேண்டியவை:

1. இடது ஷூவுக்கு நாடா மாற்ற வேண்டும். அடிமண்ணைக் கழுவக் கூடாது.

2. தினமும் காலையில் உன்னைப் போல் நடந்து பழக வேண்டும். பின்னால் வருகிறவர் முந்தினால் முந்தட்டும்.

3. எட்டாவது முகட்டில் நின்று மேற்கே பார்க்க வேண்டும்.

4. அங்கே பூமி இறங்கினால், பொய் சொன்னாய் என்று உன்னைத் திட்டுவேன். இறங்காவிட்டாலும் திட்டுவேன், எனக்கு முன்னால் பார்த்ததற்கு.