எட்டு விரல்காரர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். உன் நலத்தை உன் கையெழுத்தே சொல்லிவிடுகிறது, போன கடிதத்தில் அது சாய்ந்திருந்தது, நேரத்துக்குச் சாப்பிடு. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, மருந்து கசக்கிறதென்ற புலம்பல் குறையவில்லை. இதைத் தபாலில் போடாமல் உன் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ வேலை பார்க்கும் அந்த நாட்டு வெளியுறவு அலுவலகத்தின் மனித உரிமை அறிக்கை இங்கேயும் வந்துவிட்டது. என் தையல் கடைக்கு மேல்மாடியில் அச்சகம் வைத்திருப்பவரைப் பற்றி நான் உனக்கு எழுதியது ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. தேர்தல் வாக்குகளை மறுபடி எண்ணச் சொல்லித் துண்டறிக்கை அச்சடித்தார், போலீசார் நான்கு நாள் அடைத்து வைத்து அடித்தார்கள், யாரும் அடிக்கவில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விட்டார்கள். எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறாய். பாதுகாப்புக்காகப் பெயரை எடுத்துவிட்டு, இடது கையில் இரண்டு விரல் இழந்த அச்சக உரிமையாளர் என்று போட்டிருக்கிறாய். ஊரில் அப்படி ஒருவர்தான். தாள் வெட்டும் இயந்திரம் கொண்டுபோன விரல்கள். "கையுறைக்குத் துணி வெட்டும்போது எனக்கு ரெண்டு விரல் மிச்சம் பிடிங்கக்கா" என்பார். அறிக்கை வந்த மூன்றாம் நாள் அவரை மறுபடி கூட்டிப்போனார்கள். இன்றோடு பன்னிரண்டு நாள். எங்கே என்று தெரியவில்லை.

உன்னை மட்டும் குறை சொல்லவில்லை. நானும் அவரைக் கேட்காமல்தான் எழுதினேன்.

நேற்று அவர் மனைவி கடைக்கு வந்தாள். திட்டுவாள் என்றுதான் எழுந்து நின்றேன். "பேரை மறைச்சுட்டு விரலை எண்ணிப் போட்டிருக்காளே உங்க பொண்ணு, கண்ணை மூடிக்கிட்டே கண்டுபிடிச்சிடலாமே" என்றாள், சிரிக்கவும் செய்தாள். பிறகு தையல் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பேர் இல்லாத ஆளை உள்ள வச்சிருக்கிறது சுலபம்க்கா. இனிமே பேரைப் போடச் சொல்லுங்க" என்றாள்.

அடுத்த மாதம் உங்கள் அமைச்சர் துறைமுக ஒப்பந்தத்துக்காக இங்கே வருகிறாராம், சாலை ஓரமெல்லாம் வெள்ளையடிக்கிறார்கள். ஜனநாயகத்தைப் பற்றியும் பேசுவாராம். பொதுவாகப் பேசினால் இவர்களும் பொதுவாகத் தலையாட்டுவார்கள். இந்த ஒருவர் எங்கே என்று கேட்கச் சொல். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.

நீ நன்றாக இருக்க வேண்டும், எப்போதும். குளிருக்குக் காதை மூடிக்கொள். உள்ளே மடித்த தாளில் அவருடைய முழுப் பெயரை அவர் மனைவியே எழுதியிருக்கிறாள். இந்த முறை அதை எடுத்துவிடாதே.

உன் அம்மா