காப்பியில் மிதந்த எண்ணெய்

காங்கேயம்
12.3.1996

அன்புள்ள நாச்சியம்மாளுக்கு,

உன் காப்பியில் ஆறு வருஷமாக மருந்து ஊற்றியது நான்தான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போன் செய்தால் உன் தம்பி எடுத்து, "அக்கா பேசமாட்டேங்குதுங்க மச்சான்" என்கிறான். அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறாம் வருஷம் தை மாதம் பதினோரு நாள் நீ தூங்கவில்லை. கிணற்றில் விஷம் கலந்துவிட்டார்கள், சோற்றில் கலந்துவிட்டார்கள் என்று நம் குழந்தை பிரியாவையும் சாப்பிட விடவில்லை. மாத்திரை கொடுத்தால் துப்பினாய். கோயமுத்தூர் டாக்டரிடம் போய் நின்றேன். ருசி, வாசனை இல்லாத சொட்டு மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் தெளிந்தாய். தெளிந்த பிறகு சொல்லியிருக்கலாம். சொன்னால் நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன்.

மூன்று வருஷமாக உன் வாய் சும்மா சும்மா மெல்லுகிறதே, அது இந்த மருந்தால் வருவது என்று போன பொங்கல் கழிந்துதான் டாக்டர் சொன்னார். வைட்டமின் ஈ சிலருக்குக் குறைத்திருக்கிறதாம், நிச்சயமில்லையாம். "வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்க, பாத்துத்தான் முடிவு பண்ணோணும்" என்றார். எப்படிக் கூட்டிப் போவேன்? நானே கடையில் வாங்கிவிட்டேன். மஞ்சள் குளிகை, உள்ளே எண்ணெய். ஊக்கால் குத்தி உன் காப்பியில் பிழிந்தேன். இருபத்திரண்டு வருஷமாகத் தேங்காய் எண்ணெய் ஆட்டுகிறவனுக்கு, எண்ணெய் மிதக்கும் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

நீ போனதிலிருந்து மருந்து நின்று எட்டு நாள். அப்படிச் சட்டென்று நிறுத்தக் கூடாதாம். திரும்பி வா.

பாலுசாமி

அவிநாசி
18.3.1996

மாமாவுக்கு நாச்சியம்மாள் எழுதுவது.

இங்கே தம்பி, சென்னியம்மாள், குழந்தைகள் எல்லோரும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க வேண்டும். கை வரவில்லை.

டம்ளரில் வட்ட வட்டமாக எண்ணெய் நின்றது. என்னங்க இது என்றேன். "பாலாடை அம்மிணி, குடி" என்றீர்கள். எண்ணெய்க்காரர் பெண்டாட்டியிடம் சொல்கிற பொய்யா அது? அலமாரியைத் திறந்தால் உங்கள் சட்டைக்கடியில் குளிகை அட்டை, பக்கத்தில் சொட்டு மருந்து பாட்டில்.

வாய் மெல்லுவது பல்லால் என்று நினைத்து இரண்டு நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். நீங்கள் பக்கத்தில் நின்று என் தலையைப் பிடித்துக்கொண்டீர்கள். ஊரார் கண்ணுக்கு மறைக்க வெற்றிலை போடப் பழகினேன். தாராபுரம் கல்யாணத்தில் உங்கள் பெரியம்மா மகள், "ஏனுங்க அண்ணி, ஆடு கூட அசை போட்டா நிறுத்தும், உங்க வெத்தலை முடியவே முடியாதுங்களா?" என்றாள். பந்தியே சிரித்தது. நீங்களும்தான்.

நம் மில் எண்ணெயில் ஒரு சொட்டு வேறு எண்ணெய் கலந்ததில்லை என்று கடை கடையாகச் சொல்வீர்கள். உண்மைதான். கலப்படத்தை எல்லாம் எனக்கென்று ஒதுக்கிவிட்டீர்கள்.

சோற்றில் கலக்கிறார்கள் என்று நான் சொன்னபோது அதற்குப் பேர் பைத்தியம். அதற்கப்புறம் நீங்களே கலந்தீர்கள். அதற்கு என்னங்க பேர்?

நாச்சியம்மாள்

காங்கேயம்
25.3.1996

அன்புள்ள நாச்சிக்கு,

போன கடிதத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். பல் பிடுங்கிய அன்றே எனக்குச் சந்தேகம் இருந்தது. இந்த மருந்து வாங்குகிற சிலருக்கு இப்படி வாய் கோணும் என்று மருந்துக் கடைக்காரர் முன்பே ஒரு பேச்சில் சொல்லியிருந்தார். தெரிந்துகொண்டால் மருந்தை நிறுத்த வேண்டிவரும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளாமல் இருந்துவிட்டேன். உன் தலையைப் பிடித்திருந்தபோது சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமா என்று நீ என்னைக் கேட்டாய்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மருந்து இல்லாவிட்டால் நீ இல்லை. பிரியா பத்தாவதில் அத்தனை மார்க் வாங்கியதை நீ பார்த்திருக்க மாட்டாய். கலந்ததற்கு வெட்கப்படுகிறேன். மருந்து கொடுத்ததற்கு வெட்கப்படவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டு அடிக்காதே.

கோபம் இருக்கட்டும். தூக்கம் வருகிறதா? ஒரு கார்டில் அதை மட்டும் எழுது. நான் அசந்துபோய்விட்டேன் நாச்சி. களத்தில் கொப்பரை காய்கிறது, பார்க்கத் தோன்றவில்லை.

பாலுசாமி

அவிநாசி
14.4.1996

மாமாவுக்கு,

தூக்கம் போய்விட்டது. நீங்கள் கேட்ட அன்று இருந்தது, அதற்கடுத்த வாரம் போனது.

நேற்றுச் சித்திரைக் கனிக்குச் சென்னியம்மாள் கண்ணாடி முன்னால் பழம் வைத்து, கண்ணைப் பொத்திக் கூட்டிப் போனாள். கண்ணைத் திறந்தால் கண்ணாடியில் பழம் தெரியவில்லை. என் வாய்தான் தெரிந்தது. அப்புறம் அவள் ரசம் ஊற்றும்போது அவள் விரலையே பார்த்தேன். "என்னங்க அண்ணி, கையில மருதாணியா போட்டிருக்கறேன்?" என்று சிரித்தாள். அவள் எதையும் கலக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு நம்பவில்லை, சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். இது பழைய வியாதியா, நீங்கள் பழக்கிவிட்டதா? என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை மாமா. அதுதான் பயமாக இருக்கிறது.

நாளைக்குத் தம்பியோடு கோயமுத்தூர் போகிறேன். டாக்டர் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

நாச்சியம்மாள்

அவிநாசி
17.4.1996

மாமாவுக்கு,

போய் வந்தேன். எனக்குத் தெரியாமல் கொடுத்தது அவருக்கும் சங்கடமாகப் போயிற்று. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட என்னைப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தது தன் தப்பு என்றார். பெரிய படிப்புப் படித்தவர் என்னிடம் அப்படிச் சொன்னதும் அழுதுவிட்டேன்.

சொட்டு மருந்து வேண்டாம், வேறு மாத்திரை, கொஞ்சமாக ஆரம்பிக்கலாம் என்றார். குளிகையும் சேர்த்து எழுதியிருக்கிறார். இது மாத்திரைக்குப் பதில் இல்லை, கூடச் சாப்பிடுவது. வாய் நிற்கலாம், நிற்காமலும் போகலாம், வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். வாக்குக் கொடுக்காததால்தான் நம்பினேன். நானே கையில் வாங்கி, நானே முழுங்கினேன்.

வீட்டுக்கு வருவதைப் பற்றிக் கேட்காதீர்கள். உங்கள் கையால் காப்பி இனி எனக்கு இறங்காது. மாதம் ஒரு முறை டாக்டரிடம் வேண்டுமானால் கூட வாருங்கள். பல் விஷயத்தைப் பிரியாவிடம் நீங்களே சொல்ல வேண்டும். உங்கள் வாயால்.

நாச்சியம்மாள்

காங்கேயம்
22.4.1996

நாச்சிக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்குப் போய்ப் பிரியாவிடம் சொல்லிவிட்டேன். பல்லைப் பற்றியும், மருந்தைப் பற்றியும். "அப்பா, நீங்க போங்க" என்றாள். வந்துவிட்டேன்.

உன் பேச்சுக்கு ஒத்துக்கொள்கிறேன். பேரம் இல்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி, அவிநாசி பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். இந்தத் தடவை மே ஆறாம் தேதி. டாக்டர் அறைக்குள் நீ கூப்பிட்டால் வருவேன். மாத்திரையும் குளிகையும் உன்னிடம் இருக்கும், எண்ணிப் பார்க்க மாட்டேன். கட்டும் இரண்டு பல்லுக்கும் செலவு என்னுடையது. திரும்பும்போது நீ அவிநாசியில் இறங்கிக்கொள், நான் காங்கேயம் போகிறேன். பஸ் ஸ்டாண்ட் கடையில் காப்பி நீ சொல்லு. இரண்டு டம்ளரையும் நீயே ஆற்று. எனக்குக் கொடுப்பதைப் பார்க்காமல் குடிப்பேன்.

பாலுசாமி