தம்பி கேட்ட துப்பாக்கி

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். காலாண்டு விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறப்பு. சத்துணவுக் கூடத்தில் எலி. பருப்பு மூட்டையில் ஓட்டை. வந்த முட்டையில் நான்கு உடைசல். சிலிண்டருக்குச் சொல்லவேண்டும். அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

காலை ஏழரைக்குத் தம்பி சேகரிடமிருந்து மூன்று படங்கள். கனடாவில் அப்போது ராத்திரி எட்டு. மூன்றும் துப்பாக்கி. கூடவே குரல்: "யக்கா, வாத்து சுடப் போறேன். இங்க லைசென்ஸ் குடுக்கறாங்க, எல்லாம் சட்டப்படிதான். இதுல எது வாங்கலாம் சொல்லு. நீதான நைனாகூட போட்ல போவ."

புடவைக் கடையிலிருந்து கேட்கிற மாதிரி கேட்கிறான். ஒன்று மரக்கட்டை வைத்தது. இரண்டாவது கறுப்பு. மூன்றாவது கோரைப்புல் நிறம், யாரோ வைத்திருந்த பழசு. கறுப்புதான் விலை குறைவாம்.

பார்த்துச் சொல்கிறேன் என்று போட்டுவிட்டுக் கிளம்பினேன். சாம்பாரில் இரண்டு தடவை உப்பு. பிள்ளைகள் தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தின்றன, பாவம்.

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். ஏரியில் தண்ணீர் இன்னும் ஏறவில்லை.

மறுபடி சேகர். கறுப்பு பாதி முடிவாகிவிட்டது. ஒரு தடவை சுட்டால் காலித் தோட்டா தானே வெளியே விழுமாம், அடுத்தது தானே ஏறுமாம். அப்படி மூன்று. அதற்கு மேல் போட அங்கே சட்டம் விடாது. ஈய ரவையும் கூடாது, இரும்பு ரவைதான். மரக்கட்டை ஸ்பிரிங்கில் ஓடுகிறது. துடைக்கிற வேலை குறைவு, தோளில் உதை அதிகம். கறுப்பு வெடித்த புகையில் ஓடுகிறது. உதை குறைவு, அடிக்கடி கழற்றித் துடைக்கணும். கோரைப்புல் நிறத்துக்கு உள்ளே துரு இருக்குமோ என்று சந்தேகம்.

எல்லாம் விசாரித்திருக்கிறான்.

இட்லி ஊற்றிக்கொண்டிருந்த அம்மா காதில் விழுந்துவிட்டது.

"துப்பாக்கியா? உங்க நைனா மாரி கவனக்கெட்டவனா இருக்காதடானு சொல்லு. தன் கையத் தானே சுட்டுக்கினு குடும்பத்த நடுத்தெருல வுட்ட மனுஷன்."

முப்பத்தேழு வருடமாக இதே வசனம். நைனா செத்து நாலு வருடம் ஆகியும் நிற்கவில்லை. நான் வழக்கம்போலக் கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

அக்டோபர் 8, புதன்

என் வீட்டுக்காரருக்கு மீஞ்சூரில் டபுள் ஷிப்ட். சிலிண்டர் வரவில்லை. விறகில் சமையல். கண் எரிச்சல்.

இன்றைய படம்: மித்ரா. சேகரின் பெண். ஒன்பது வயது. நெஞ்சு வரை ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு, முன்பல் இல்லாமல் சிரிக்கிறாள். "சனிக்கிழம இவளும் போட்ல வர்றா. வாத்து எடுத்துக் குடுக்க. உன்ன மாரியே."

என்னை மாதிரியே.

எழுதிவிடுகிறேன். வேறு எங்கே சொல்வது.

எனக்குப் பத்து வயது. துப்பாக்கி பஜார் பாயுடையது, இரட்டைக்குழல். லைசென்ஸும் அவர் பெயரில். சீசனில் நைனாவிடம் கொடுத்து வாத்து கொண்டுவரச் சொல்வார். அந்தக் காலம். இப்போது ஏரியில் ஒரு பறவை மேல் கல் விட்டாலே கேஸ். அன்று நைனா ஒரு குழலைச் சுட்டார். வாத்து விழுந்தது. துப்பாக்கியைப் பலகைமேல் வைத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் குதித்தார். இடது கையில் வாத்து, வலது கை படகின் விளிம்பில். வெடித்த பட்டாசு மறுபடி வெடிக்காது இல்லையா, துப்பாக்கியும் அப்படித்தான் என்று நினைத்தேன். அவரிடம் எடுத்துக் கொடுப்போம் என்று தூக்கினேன். விரல் எங்கே பட்டதோ, இன்னொரு குழலில் இருந்த தோட்டா வெடித்தது.

வலது கையில் மூன்று விரல் போயிற்று. துண்டைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "நீ ஒண்ணியும் தொடல. நான்தான் வழுக்கி வுட்டுட்டேன். இன்னா?" கரையில் எல்லாரிடமும் அதையே சொன்னார். அதன் பிறகு அவரால் வலை வீச முடியவில்லை. அப்போது சேகர் கைக்குழந்தை. அவனுக்கும் அந்தக் கதைதான் தெரியும்.

அக்டோபர் 9, வியாழன்

காற்று. தலைவலி.

சேகரிடம் சொல்லவேண்டும். சொன்னால் அம்மாவுக்குப் போகும். அம்மாவுக்குப் போனால்? இந்த வயதில் என்னை எந்த முகத்தோடு பார்ப்பாள்?

கோழை மாதிரி சுற்றி வளைத்து எழுதினேன்: நடுவில் மடக்குகிற துப்பாக்கி வாங்கேன், மடக்கி வைத்தால் உள்ளே தோட்டா இருக்கா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும், மித்ரா இன்னும் சின்னவள்.

பதில் உடனே. "இதுல பூட்டு இருக்குக்கா. நைனாதான் அசால்ட்டு. நான் அப்படி இல்ல."

அசால்ட்டு. கோபம் வந்தது. அவன்மேல் இல்லை.

சனிக்கிழமை அவர்கள் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புகிறார்கள். இங்கே அப்போது பிற்பகல் மூன்றரை.

அக்டோபர் 10, வெள்ளி

சாப்பாட்டு மணி முடிந்து அரிசி ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். மூன்று தடவை அழித்தேன். நாலாவது போயிற்று. நாலு நிமிடம்.

கடைசியில் என்ன சொன்னேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. "நைனா கவனமாத்தான்டா இருந்தாரு. போட்ல நான் இருந்தேன். அவ்ளோதான். உன் போட்ல மித்ராவ ஏத்தாத."

நாலு மணிக்கு நீல டிக். பதில் இல்லை.

ஆறு மணி. இல்லை. அம்மா நெத்திலி வறுத்தாள். இறங்கவில்லை. "இன்னாடி, காச்சலா?" என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

அக்டோபர் 11, சனி

மேகமூட்டம். பள்ளி இல்லை. வீட்டை இரண்டு தடவை பெருக்கினேன். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நான்கு முறை. வெறுத்துவிட்டானா? சொல்லியும் ஏற்றிக்கொண்டு போகிறானா?

மூன்றே காலுக்கு வந்தது, எழுத்தில். குரல் அனுப்பவில்லை.

"மித்ரா வரல. தூங்கறா. கறுப்பு வேணாம்னுட்டேன். சூப்பர்வைசர்கிட்ட மடக்குறது ஒண்ணு இருக்கு, அத எடுத்துகினு போறேன். மடக்கியே வெச்சிக்கறேன்."

படலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்று வந்தது. "நைனாவ நானும் எவ்ளோ பேசியிருக்கேன். அம்மாவுக்குத் தெரியுமா?"

அதற்கு இன்னும் பதில் போடவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

சேகர் நல்லபடியாகத் திரும்பிவிட்டான். இரண்டு வாத்து. படத்தை முழுக்கத் திறந்து பார்க்கவில்லை.

காலையில் அம்மா வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன். பத்து இறாலுக்குப் பிறகு சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில்.

அம்மாவின் கை நிற்கவில்லை.

"அவுரு ஆஸ்பத்திரிலயே சொல்ட்டாரு."

"தெரிஞ்சா இத்தினி வருஷமா அவரத் திட்டின?"

"ஆரையாவது திட்டணுமேடி. நான் பட்ட பாடு அப்படி. உன்னத் திட்ட மனசு வரல."

"உண்மையச் சொன்னதே அவருதான? நீ திட்டறப்ப அவரு ஒண்ணும் சொல்லலியா?"

"இன்னா சொல்வாரு? கேட்டுக்கினே சோறு துன்னுவாரு. ஒரு நாளு திட்டலன்னா, இன்னாடி, இன்னிக்கு உடம்பு சரியில்லியானு கேப்பாரு."

மழை பிடித்துக்கொண்டது. கொடியில் துணி. ஓடினேன்.