சுவரைப் பார்த்து நிற்கும் பித்தளை யானை

வளம் பெருகுக. வேம்பாற்று நாட்டின் முன்னாள் தூதர் தலைவரும், மூன்று மன்னர்களின் சினத்தைத் தணித்தவரும், நான்காமவரின் சினத்துக்கு ஆளாகி ஓய்வு பெற்றவருமான குமணனார், வடகரை நாட்டுத் தூதர் கீரந்தையாருக்கு விடுக்கும் ஓலை. வடகரையின் அரசு நிலைக்க. அதன் ஆறுகள் நிறைக. கீரந்தையாரின் முழங்கால் வலி, பயணத்துக்குத் தடையாகாத அளவுக்கேனும் தணிக.

குமணனார் நலம். அவர் கூடத்துச் சுவர்ப்பலகையைக் கண்ட வழிப்போக்கர் தலைசுற்றி விழுவதாகவும், கடலுக்கு அப்பாலுள்ள மன்னர் ஒருவர் அதைக் காணவே கப்பல் கட்டுவதாகவும் ஊரில் பேச்சு. பேச்சைக் கிளப்பியவர் குமணனாரே ஆயினும் பேச்சு பேச்சுதான். பலகைமேலுள்ள அழகுப்பொருள்களில் நெட்டையானவற்றைப் பின்னும் குட்டையானவற்றை முன்னுமாக, படைவீரரை நிறுத்துவதுபோல் நிறுத்தியிருக்கிறார். நீலக் கண்ணாடிக் குடுவை, அதன் தோளுரசப் பவளக் கொத்து, சற்றுத் தள்ளிச் சந்தனக் கிளி, இடையே கண் இளைப்பாறக் கொஞ்சம் வெற்றிடம். கீழே மேசைமேல் வெண்கலத் தாம்பாளத்தில் ஒரு சங்கும் ஒரு கைப்பிடிக் கூழாங்கல்லும். அந்தக் கூழாங்கற்களை அடுக்கவே நேற்றைய பகல் போயிற்று. இரு நாட்டு எல்லையை வகுத்தபோதுகூட அவர் இவ்வளவு யோசித்ததில்லை.

ஆயினும் நடுவிலுள்ள பித்தளை யானை மட்டும் கூடத்துக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கிறது. காரணம் கீரந்தையார் அறிவார். அறியாதவர்போல் நடிக்கவும் அறிவார்.

விடைபெறும் விருந்தினர் பலகையிலுள்ள ஒரு பொருளைத் தம் கையால் மாற்றி வைப்பதும், அடுத்த விருந்தினர் வரும்வரை வீட்டார் அதைத் தொடாதிருப்பதும் வேம்பாற்று வழக்கம். ஆற்றுநீர் உடன்படிக்கை கையெழுத்தான மறுநாள், பேரத்தில் தோற்ற கடுப்பில், கீரந்தையார் யானையைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அடுத்த மழைக்காலத்தில் வந்து தாமே நேராக்குவதாகவும் சொல்லிப் போனார். மழைக்காலங்கள் வந்தன.

பதவியிருந்த நாளில் வாசலில் பல்லக்குகள் முட்டிக்கொள்ளும். காலையில் இடக்கோடியில் இருந்த கிளி மாலைக்குள் வலக்கோடிக்குப் பறந்திருக்கும். பதவி போகுமுன் அந்த வாசலை மிதித்த கடைசி விருந்தினர் கீரந்தையாரே; அதன்பின் எவரும் வரவில்லை. யானையைத் தவிர மற்றவற்றைக் குமணனார் தாமே மாற்றுகிறார். மாற்றிவிட்டு வாசலுக்குப் போய், அயலார்போல் உள்ளே வந்து வியக்கிறார். வியந்தவருக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டுமே, அதையும் அவரே சொல்லிக்கொள்கிறார்.

அண்மையில், வீட்டுவேலை பார்க்கும் சிறுதேவி தூசி தட்டுகையில் யானையைக் கூடத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டாள். நாடே பறிபோனதுபோல் குமணனார் வழக்கத்தை எடுத்துரைக்க, அவள் துடைப்பதை நிறுத்தாமலே, “யாரும் வராத வீட்டுல யானை எந்தப் பக்கம் பார்த்தா என்ன சாமி? உங்களையாவது பார்க்கட்டுமேன்னுதான் திருப்பினேன்” என்றாள்.

குமணனார் அருகே போய் யானையைப் பார்த்தார். யானையின் முகம் அழகாகத்தான் இருந்தது. துதிக்கையைத் தூக்கி எதையோ கேட்பதுபோல் இருந்தது. ஆனால் கீரந்தையார் அந்த வீட்டுக்கு வந்துபோனதற்கு இருந்த ஒரே அடையாளம் கலைந்துவிட்டது. சிறுதேவி வீடு போனதும் குமணனார் அதை மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பினார். வழக்கத்துக்காக அல்ல என்பதைக் கீரந்தையார் ஒருவரிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறார்.

ஆகவே கட்டளையாவது: இவ்வோலை கண்டதும் கீரந்தையார் பல்லக்கிலோ, மாட்டுவண்டியிலோ, படுத்த கட்டிலோடு தூக்கப்பட்டோ புறப்பட்டு வந்து, தாம் திருப்பிய யானையைத் தாமே நேராக்குக. பின் சில நாள் தங்கி, போகையில் வேறொன்றைத் தாறுமாறாக்கிச் செல்க. கிளியைத் தலைகீழாக நிறுத்தினாலும் தடையில்லை. ஓய்வு பெற்றவருக்குக் கட்டளையிடும் உரிமை ஏது என்று வடகரை அவை வினவுமாயின், தம் வீட்டுப் பலகைக்கு இன்றும் அவரே மன்னர் என்று அறிக.

அரச முத்திரையைப் பதவியோடு திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆதலால் இவ்வோலையின் அரக்கில் பதிந்திருப்பது பித்தளை யானையின் முன்கால். பதித்ததும் அதைத் துடைத்து, கீரந்தையார் வைத்தபடியே, சுவரைப் பார்க்க வைத்தாயிற்று.