ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த அட்டை

என்னங்க,

சாப்பாடு மேஜையில் மூடி வைத்திருக்கிறேன். பதினொரு மணிக்கு உங்கள் அக்காவை ஸ்டேஷனில் இருந்து கூட்டி வந்துவிடுங்கள். நம் கார் சண்டைப் பேச்சை அவரிடம் எடுக்காதீர்கள். எனக்குத் தெம்பில்லை.

பழைய காரின் சூட்டைக் குறைக்கிறேன் என்று ஃபேனை மாற்றினீர்கள், தெர்மோஸ்டாட்டை மாற்றினீர்கள். நேற்று அந்த வெயிலில், “ஹீட்டரைப் போட்டா இன்ஜின் சூடு இறங்கும், கொஞ்சம் பொறுத்துக்கோ” என்று என்னை அவித்தெடுத்தீர்கள். பாதி வழியில் இறங்கி, கால் கடுக்க நின்று பஸ்ஸில் வந்தேன்.

காலையில் பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். குளிர்காலத்தில் இன்ஜின் சீக்கிரம் சூடாகட்டும் என்று ரேடியேட்டருக்கு முன்னால் நீங்கள் செருகிய அட்டை அப்படியே இருக்கிறது. காற்று எந்த வழியாகப் போகும்? உருவிவிட்டேன். தெருவை நாலு சுற்று ஓட்டினேன். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை.

அட்டை உங்கள் தட்டுக்கு அடியில் இருக்கிறது.

பி.கு.: கார் சாவியைத் தேடாதீர்கள், வேலைக்கு நான் எடுத்துப் போகிறேன். பஸ் மருந்துக் கடைக்கு எதிரே நிற்கும். நேற்றுத்தான் எனக்கே தெரிந்தது.