என் மகள் மாட்டிய தெர்மோஸ்டாட்

நவம்பர் 12

என் வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி போட்டாயா? ஊரார் கட்டடத்துக்கெல்லாம் வயர் இழுக்க நேரம் இருக்கிறது, பெற்றவளுக்கு எழுதத்தான் கை வலிக்கிறது. சரி, போகட்டும், திட்டி முடித்துவிட்டேன்.

போனில் பேசினால் உன் அண்ணி காதில் விழும், அதனால்தான் கடிதம். போன மாதம் வந்தபோது என் அறைச் சுவரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் துடைத்து மாட்டினாயே, அது இப்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இருபத்தைந்தில் வைக்கிறேன். டக்கென்று சத்தம் வருகிறது, ஆனால் கீழே ஹீட்டர் ஓட ஆரம்பிப்பதில்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டும் கால் சில்லிட்டுப் போகிறது.

உன் அண்ணனிடம் மூச்சு விடவில்லை. "என் மக பெரிய டெக்னீஷியன்னு பீத்திக்கிட்டீங்களே, இதானா லட்சணம்?" என்பான். வெளியாளைக் கூப்பிட்டால் உன் வேலையில் குறை கண்டுபிடித்த மாதிரி ஆகிவிடும். அது எனக்கு ஆகாது. எதைத் தட்ட வேண்டும், எதைத் திருக வேண்டும் என்று எழுது, நானே பார்த்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன் பாப்பாவுக்கு உடம்பெல்லாம் வந்திருந்த வேர்க்குரு மறைந்துவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

நவம்பர் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. இங்கே ஒரு ஆஸ்பத்திரி முழுவதற்கும் குளிர்சாதன வேலை, கழுத்தைப் பிடிக்கிறது.

தெர்மோஸ்டாட் தனக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றின் சூட்டைத்தான் பார்க்கும். பார்த்துவிட்டு ஹீட்டருக்கு "ஓடு" என்றோ "போதும்" என்றோ சொல்லும், அவ்வளவுதான் அதன் வேலை. நீ படிக்கிற விளக்கு அதற்குக் கீழேதான் இருக்கிறது. விளக்குச் சூட்டை அறைச் சூடு என்று நினைத்து ஏமாந்திருக்கும். விளக்கைத் தள்ளி வைத்துப் பார். ஒரேயடியாக ஏற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகு. மூடியை மட்டும் கழற்றாதே அம்மா, ஷாக் அடித்துவிடப் போகிறது.

அண்ணனிடம் சொல்லாததும் நல்லதுதான். கனமான போர்வை ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

உன் வாயாடி

டிசம்பர் 9

என் வாயாடிக்கு,

போர்வை வந்தது. விளக்கையும் அந்த மூலைக்குத் தள்ளிவிட்டேன். படிக்கத்தான் எழுத்து தெரியவில்லை. குளிர் அப்படியேதான் இருந்தது.

போன வாரம் கீழே ஹீட்டரே படுத்துவிட்டது. உன் அண்ணன் ஒரு மெக்கானிக்கை அனுப்பினான். அவர் வேலையை முடித்துக் கிளம்பும்போது, "தம்பி, யார்கிட்டயும் சொல்லாம இதையும் கொஞ்சம் பாருங்க" என்று என் அறைக்குக் கூட்டி வந்தேன். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது சும்மா சுவத்துல நிக்குது. இதுல வயரே மாட்டல" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "என் மக மாட்டினது. அவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்று சத்தம் போட்டேன். அவர் பொறுமையாக டார்ச் அடித்துக் காட்டினார். சிவப்பு வயர் ஒன்று, வெள்ளை வயர் ஒன்று. இரண்டின் நுனிக்கும் தனித்தனியாக மூடி போட்டு, டேப் சுற்றி, மடித்துச் சுவருக்குள் சொருகியிருந்தது. "மறந்து விட்டதில்லம்மா. வேணும்னே எடுத்திருக்காங்க. நிஜமானது ஹால்ல, சமையலறைப் பக்கம் புதுசா இருக்கு. ஆனா கை தேர்ந்த ஆள்மா. இவ்ளோ சுத்தமா யாரும் செய்ய மாட்டாங்க" என்றார்.

சொன்னால் சிரிப்பாய். அவர் அப்படிச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் படி இறங்கிப் போன பிறகுதான் உறைத்தது.

இதில் ஷாக்கே அடிக்காதாமே. உன் அண்ணன் சொல்லிச் செய்தாயா, நீயாகச் செய்தாயா? அதை மட்டும் எழுது.

அம்மா

டிசம்பர் 16

அம்மா,

கேட்டது அண்ணன். செய்தது நான்.

அப்போது உன் அறையில் வைக்கிற சூடுதான் வீடு முழுவதற்கும். நீ முப்பதில் வைத்துவிட்டுப் படுத்துவிடுவாய். வீடே வெந்தது. பாப்பா விடாமல் அழுதாள், அண்ணி பொருமினாள். "இப்படியே போனா அம்மாவ முதியோர் இல்லத்துல சேக்குறதத் தவிர வழியில்ல" என்றான் அண்ணன். உன்னை அங்கே அனுப்ப எனக்கு மனசில்லை. அலுவலகங்களில் சூடு, குளிர் என்று ஆளுக்கு ஆள் சண்டை போட்டால் வயர் கொடுக்காத தெர்மோஸ்டாட் ஒன்றைச் சும்மா சுவரில் மாட்டி வைப்போம். திருகிவிட்டு, "இப்ப பரவால்ல" என்று போய் உட்கார்ந்துவிடுவார்கள். அம்மாவுக்கும் அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுப்பு எரிந்தால் ஹால் சீக்கிரம் சூடாகிவிடும், ஹீட்டர் நின்றுவிடும். கடைசியில் இருக்கும் உன் அறைக்குச் சூடு வந்து சேராது. இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். அதனால்தான் போர்வை அனுப்பினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு வருகிறேன். அண்ணனோடு சண்டை போட்டாவது உன் அறைக்குத் தனி ஹீட்டர் வைத்துத் தருகிறேன். என்னை நாலு வார்த்தை திட்டியாவது எழுது அம்மா.

உன் மகள்

ஜனவரி 5

மகளுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

"அம்மா, பாப்பாவுக்குச் சூடு சேரல, கொறச்சு வையி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேனா? அவள் என் பேத்தி இல்லையா? நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்கள், என்னிடம் கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். முகம் தெரியாதவர்களுக்குச் செய்வதை எனக்கும் செய்தாய் பார், அதுதான் ஆறவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று உன் அண்ணனுக்கும் அண்ணிக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். அவர்கள் ஹாலில் இருக்கும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அதைத் திருகுகிறேன். "அப்பாடா, இப்பதான் கதகதன்னு இருக்கு" என்று அவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறேன். உன் அண்ணி இப்போதெல்லாம் என்னிடம் சிரித்துப் பேசுகிறாள். பாப்பா நன்றாகத் தூங்குகிறாள். இல்லம் என்ற பேச்சையே யாரும் எடுப்பதில்லை. நீ நினைத்தது நடந்துவிட்டது.

வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே, கண்ணு. அவர்கள் முன்னால் என்னால் நடித்துவிட முடிகிறது. நீ பக்கத்தில் நின்றால் எனக்கு அதைத் திருகக் கை வராது.

அம்மா